இடதுகால் சப்பாத்தின் மரண அறிவித்தல்

ஜேர்மனி கொலோன் நகர் ஷில்டர்காஸ வீதியைப் பிறப்பிடமாகவும், மொன்றியல் லாசாலில் உள்ள எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டை வதிவிடமாகவும் கொண்ட மண்ணிறத் தோற் சப்பாத்து (இடதுகால்) அவர்கள், 16-04-2006 உயிர்த்த ஞாயிறன்று பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடமளவில், சென்ற் கத்தரின் வீதியில் நடந்துகொண்டிருக்கையில் வாய் பிளந்து காலமானார். அன்னார் வலதுகால் சப்பாத்தின் பாசமிகு துணையும், திரு. கிறகரி அவர்களின் இடது பாதத்தின் மெய்க்காவலரும், கொலோன் திரு. அருமைராசா அவர்களின் அன்பளிப்பும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், சப்பாத்துத் திருத்துவோர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். மலர்வளையங்களைத் தவிர்க்கவும். தகவல்: றொக்சன் (மகன், சப்பாத்துக்கு அல்ல, கிறகரிக்கு).

லாசால், மொன்றியல்.
14-05-2006, ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அருமைராசாச் சித்தப்பாவுக்கு,

தங்கள் அண்ணன் மகன் றொக்சன் முழந்தாளில் நின்று எழுதிக்கொள்வது. (உண்மையில் கட்டிலில் படுத்திருந்துதான் எழுதுகிறேன். ஆனால் கடிதத்தில் முழந்தாள்தான் மரியாதை.) மேலே குறிப்பிட்ட இடதுகால் நீங்கலாக இங்கு நாங்கள் நால்வரும் ஆண்டவர் கிருபையால் சுகம். தங்கள் சுகத்தையும், தங்கள் முதுகு நோவின் சுகத்தையும், தாங்கள் வேலை செய்யும் உணவகத்தின் பெரிய அடுப்பின் சுகத்தையும் தனித்தனியே அறிய விரும்புகிறேன்.

ரெலிபோன் இருக்கேக்கை இவன் ஏன் மினக்கெட்டுக் கடிதம் எழுதுறான் எண்டு யோசிப்பியள். காரணம் உங்களுக்கே தெரியும். எங்கடை நம்பரைக் கண்டால் நீங்கள் எடுக்கிறியள் இல்லை. நீங்களாயும் எடுக்கிறியள் இல்லை. இண்டையோடை மூண்டு ஞாயிறு. கடிதம் எண்டால் பாதியிலை கட் பண்ண ஏலாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்க மாட்டியள், ஏனெண்டால் உறையிலை அப்பாவின்ரை பேரைப் போடாமல் 'மொழிபெயர்ப்பு அமைச்சு, லாசால்' எண்டு போட்டிருக்கிறன். அரசாங்கக் கடிதம் எண்டால் எங்கடை ஆக்கள் திறந்து பாக்காமல் விட மாட்டினம். கொலோன் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை கட்டுரைப் போட்டியிலை ரெண்டு தரம் முதற்பரிசு எடுத்த கை இது சித்தப்பா. செந்தமிழ் ஒரு பந்திக்கு வரும், பேந்து மூச்சு வாங்கும். குறை நினைக்காதேங்கோ.

நடந்ததை ஒருக்கால் ஒழுங்காச் சொல்லுறன். ஏப்பிரல் இருபத்திமூண்டு, ஞாயிறு. வழமைபோலை எங்கடை மத்தியானம் பன்னிரண்டுக்கு, உங்கடை பின்னேரம் ஆறுக்கு நீங்கள் எடுத்தனீங்கள். அப்பா சுகம் கூட விசாரிக்கேல்லை. "டேய் அருமை, நீ தந்த சப்பாத்து மூண்டு வருஷம் கூடத் தாங்கேல்லை. திருத்திற மனுசனே சொல்லிப்போட்டான், தோல் தரமில்லையாம். எந்த மலிவு விற்பனையிலை அள்ளினனி?" எண்டார். அவர் பகிடியாத்தான் தொடங்கினவர். ஆனால் அப்பாவின்ரை பகிடி அவற்றை பிரெஞ்சு மாதிரி. வாயாலை வரும்வரைக்கும் என்ன வரப்போகுதெண்டு அவருக்கே தெரியாது. நீங்கள் "அண்ணை, அந்தச் சப்பாத்தைப் பற்றி மட்டும் நீங்கள் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" எண்டு சொல்லி வைச்சிட்டியள். வசனம் வசனமா எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்காதேங்கோ. எங்கடை வீட்டிலை ரெண்டு ரெலிபோன் இருக்கு, எனக்கு ரெண்டு காது இருக்கு.

அண்டையிலையிருந்து ஞாயிறு மத்தியானம் எண்டால் அப்பா ரெலிபோனுக்குப் பக்கத்திலை வந்து குந்திவிடுவார். கேட்டால், வெளிச்சம் இந்தப் பக்கந்தானாம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கால் லைன் இருக்கோ எண்டு ரிசீவரைத் தூக்கிக் காதிலை வைச்சுப் பாக்கிறார். அவர் தூக்கிப் பாக்கிற நேரத்திலை நீங்கள் எடுத்திருந்தால் எங்கேஜ் சத்தம்தான் கேட்டிருக்கும். "அப்பா, தூக்கிக்கொண்டே இருந்தால் சித்தப்பா எப்பிடி எடுக்கிறது?" எண்டு கேட்டன். "ஆர் அவன்ரை கோலுக்குக் காத்திருக்கிறது? நான் சும்மா ரெலிபோன் வேலை செய்யுதோ எண்டு பாக்கிறன்" எண்டார். ஒரு மணிக்கு எழும்பிப்போய், சோத்தைப் போட்டு, சாப்பிடாமல் மூடி வைச்சிட்டுப் படுக்கிறார். அம்மாவும் அக்காவும் வேலைக்குப் போயிருப்பினம். பாக்கிறதுக்கு நான் ஒருத்தன்தான்.

எனக்கு உதிலை ஒரு கவலையும் இல்லை எண்டதை இந்த இடத்திலை பதிஞ்சு வைக்கிறன். நான் இப்ப முழு மொன்றியல் பெடியன். பிரெஞ்சிலை சண்டை பிடிப்பன், இங்கிலிஸிலை சமாதானம் பேசுவன், ரெண்டும் சரிவராட்டில் தமிழிலை ஓடித் தப்புவன். ஜேர்மன் பாஷை எனக்குப் பாதிக்கு மேலை மறந்து போச்சு. கொலோனா, அது என்ன, முகத்துக்குப் பூசிறதோ எண்டு கேக்கிற நிலைமை. அந்தத் தெருவையள் எல்லாம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்தான் பெரிய விசயம். பழசை நினைச்சு மூக்குச் சிந்திறது வயசு போன ஆக்களின்ரை பொழுதுபோக்கு.

ஆனால் அவையின்ரை பக்கத்து நியாயத்தை நான் எழுதத்தானே வேணும். அதுக்காகக் கொஞ்சம் ஞாபகப்படுத்திறன்.

கொலோனிலை ஞாயிறு எண்டால் பூசை, பூசை முடியக் கடைத்தெரு. வேறை நாளிலை அப்பா எங்களை அந்தப் பக்கம் தலைவைச்சுப் படுக்கவும் விடமாட்டார். ஏன் ஞாயிறு மட்டும்? ஏனெண்டால் ஜேர்மனியிலை ஞாயிறு எல்லாக் கடையும் பூட்டு. கடை பூட்டின நாளிலை குடும்பத்தைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போற தகப்பன் உலகத்திலை ஒருத்தர்தான் எண்டு நான் நினைச்சிருந்தன். பேந்து பாத்தால், எங்களுக்கு முன்னாலை ஒரு துருக்கிக் குடும்பம், பின்னாலை ஒரு போலந்துக் குடும்பம், எல்லாம் அதே யோசனையோடை நடக்குதுகள். பேராலயத்து முற்றத்திலை தொடங்கி, ஹோகெ ஸ்ட்ராஸவுக்குள்ளை பூந்தால், அந்த ஒடுங்கின தெருவிலை எங்கடை காலடிச் சத்தம் எங்களுக்கே கேக்கும். "இது உரோமர் போட்ட தெரு. ரெண்டாயிரம் வருஷமாச் சனம் இதிலை சாமான் வாங்குது. நாங்கள் ஒரு நாள் வாங்காட்டில் தெரு இடிஞ்சு விழாது" எண்டு அப்பா ஒவ்வொரு ஞாயிறும், ஒரே இடத்திலை, அந்தத் தொப்பிக் கடைக்கு முன்னாலை வைச்சுச் சொல்லுவார். ஊரிலை காய்ச்சலுக்கு நெத்தியிலை தடவிற ஓடிக்கொலோன் இந்த ஊரிலைதான் பிறந்தது எண்டும் சொல்லுவார். "நாங்கள்தான் அசல் ஓடிக்கொலோன். ஓடிக் கொலோனுக்கு வந்தனாங்கள்" எண்டிட்டுத் தானே சிரிப்பார். எனக்கு இந்த வியாதி ஆரிட்டையிருந்து வந்ததெண்டு இப்ப விளங்கும்.

தெரு முடக்கிலை, வலப்பக்கம் ஷில்டர்காஸ தொடங்கிற இடத்திலை, நீங்கள் நிப்பியள். மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவிலை உங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் ஓய்வு. மேலெல்லாம் வெங்காய மணம். கையிலை கடுதாசிப் பையிலை சுடச்சுட உருளைக்கிழங்கு அடை, எண்ணெய் ஊறி அடியிலை ஓட்டை விழுந்திருக்கும். அந்த அடையைத் திண்டுகொண்டுதான் விளையாட்டுத் தொடங்கும். ஆர் கண்டுபிடிச்ச விளையாட்டு எண்டதிலை அக்காவுக்கும் எனக்கும் இண்டைக்கும் வழக்கு. நீங்கள்தான் எண்டு நான் சொல்லுறன். யன்னலிலை பிடிச்ச சாமானைக் கண்டால் கண்ணாடியிலை விரலை வைச்சு, "வாங்கியாச்சு!" எண்ட வேணும். அவ்வளவுதான். சாமான் உங்கடை. வீட்டை தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை, வைக்க இடம் தேடத் தேவையில்லை. அம்மா ஒவ்வொரு கிழமையும் ஒரு சிவப்புக் கோட்டு வாங்குவா. ஷெரோன் அக்கா கண்ணாடியிலை நெத்தியை முட்டிக்கொண்டு நிண்டு மணிக்கூடு வாங்குவாள்; அடுத்த ஞாயிறு போனால் அவளின்ரை நெத்தி அடையாளம் அப்பிடியே இருக்கும். நான் விளையாட்டுச் சாமான் கடை யன்னலிலை ஓடுற ரெயினை வாங்கினனான். கடை பூட்டினாலும் அந்த ரெயின் ஓடும் சித்தப்பா. ஆளில்லாத கடைக்குள்ளை, பஞ்சு மலையைச் சுத்திச் சுத்தி. அப்பா ஒண்டும் வாங்க மாட்டார். "காணும், காணும், வீடு நிறைஞ்சு போச்சு" எண்டு சொல்லிறதுதான் அவற்றை பங்கு.

நீங்கள் வாங்கிறது எப்பவும் ஒண்டே ஒண்டுதான். அந்தச் சின்னப் பழைய கோயிலைத் தாண்டி மூண்டாவது யன்னலிலை, ஒரு சோடி மண்ணிறத் தோற் சப்பாத்து. எத்தினை ஞாயிறு வாங்கினியள்! "அருமை, உனக்கு எத்தினை காலடா?" எண்டு அப்பா கேப்பார். நீங்கள் குசினிச் சப்பாத்தோடை, மா ஒட்டின சப்பாத்தோடை நிண்டு சிரிப்பியள்.

பேந்து 2003 ஆவணியிலை நாங்கள் வெளிக்கிட்டம். விமான நிலையத்திலை நீங்கள் ஒரு பெட்டியை அப்பாவின்ரை கையிலை குடுத்தனீங்கள். அப்பா திறந்தார். அதே சப்பாத்து. "வியாழக்கிழமை போய், கதவு திறந்திருக்கேக்கை வாங்கினனான் அண்ணை. உள்ளுக்கை போக வெக்கமாக் கிடந்தது" எண்டியள். உங்கடை கால் நாப்பது. அப்பாவின்ரை நாப்பத்திரண்டு. நீங்கள் வாங்கினது நாப்பத்திரண்டு. அப்பா அதிலையே குந்தி, பழைய சப்பாத்தைக் கழட்டிப் பையுக்குள்ளை வைச்சிட்டு, புதுசைப் போட்டுக்கொண்டு கனடாவுக்கு வந்தவர். யோசிச்சுப் பாத்தால், அத்தினை வருஷம் நடந்த அந்தத் தெருவிலை எங்கடை குடும்பம் உண்மையா வாங்கின ஒரே சாமான் அதுதான்.

இனி மொன்றியல் கதை. பிள்ளையள் இங்கிலிஸ் படிக்கட்டும் எண்டு கனடாவுக்குக் கொண்டுவந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலை சேத்துவிட்ட புத்திசாலி எங்கடை அப்பா. அது கிடக்கட்டும். வந்த முதல் ஞாயிறு, பூசை முடிய, சப்பாத்தை மினுக்கிக்கொண்டு எங்களை மெற்றோவிலை ஏத்தினார். இஞ்சையும் ஒரு பழைய பெரிய கடைத்தெரு இருக்காம், அதின்ரை பேரைப் பாருங்கோ, சென்ற் கத்தரின், எங்கடை அம்மாவின்ரை பேர், நாங்கள் சொந்தத் தெருவுக்கே போறம் எண்டு வழி முழுக்க வர்ணனை. படியேறி மேலை வந்தம். சித்தப்பா, எல்லாக் கதவும் திறந்து கிடந்தது! சனம் உள்ளை போகுது, பையோடை வெளியிலை வருது. அப்பா விபத்தைக் கண்ட மாதிரி நிண்டிட்டார்.

"கத்தரின், இண்டைக்கு என்ன கிழமை?"

"இஞ்சருங்கோ, பூசைக்குப் போட்டுத்தானே வாறம்!"

"அப்ப ஏன் திறந்து வைச்சிருக்கிறாங்கள்?"

இந்தக் கேள்விக்கு மறுமொழி வரமுதல் அக்காவைக் காணேல்லை. அவளைத் தேடிக்கொண்டு அம்மா, "சும்மா பாத்திட்டு வாறன்" எண்டு உள்ளை போனா. அம்மாவைத் தேடிக்கொண்டு நான். என்னைத் தேடி வந்த அப்பாவை வாசலிலை ஒரு விற்பனைப் பிள்ளை மறிச்சு "பொன்ஜூர், ஹாய்!" எண்டு கேக்க, பயத்திலை "கூற்றன் ராக்" எண்டு ஜேர்மனிலை சொல்லி, அது பிழையெண்டு விளங்கி, "ஓம்" எண்டு தமிழிலை முடிச்சு, கையிலை ஒரு வாசனைத் தண்ணிப் போத்தலோடை வெளியிலை வந்தார். ஓமெண்டால் வாங்கிறன் எண்டு அர்த்தமாப் போச்சு. அதைத் திருப்பிக் குடுக்க அவருக்குப் பாஷை இல்லை, எனக்கு அப்ப பிரெஞ்சு இல்லை. ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு நாலு பேரும் மெற்றோ வாசலிலை நாலு பக்கத்தாலை வந்து சேர்ந்தம். அம்மாவின்ரை கையிலை பெரிய பை. பையைத் தூக்கிக் காட்டி, "வாங்கியாச்சு!" எண்டா. சிவப்புக் கோட்டு. உண்மையான கோட்டு. ஆரும் சிரிக்கேல்லை. அப்பா "வடிவா இருக்கு" எண்டார், சொல்லிப்போட்டு நிலத்தைப் பாத்தார்.

பூட்டின தெருவிலை நாங்கள் ஒருத்தரையும் துலைச்சதில்லை சித்தப்பா. போறதுக்கு இடமில்லாததாலை ஒண்டாத்தான் நடந்தம். திறந்த தெருவிலை ஒரு ஞாயிறிலையே நாலாப் பிரிஞ்சு போனம். இது என்ரை கண்டுபிடிப்பு இல்லை, அப்பா ஒருநாள் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு சொன்னது. நான் எழுத்துப்பிழை மட்டும்தான் திருத்தினனான்.

பேந்து எல்லாம் கெதியாப் போச்சு. ஞாயிறு கடை திறந்தால் ஞாயிறு வேலையும் இருக்கும்தானே. அம்மாவுக்கு அந்தத் தெருவிலையே ஒரு உடுப்புக் கடையிலை மடிச்சு வைக்கிற வேலை. பேரிலை ஒரு முழுத் தெரு இருக்கிற மனுசிக்கு அதிலை ஒரு மேசை கிடைச்சுது. அக்காவுக்கு நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலை கோப்பிக் கடை. பூசைக்கு ஒருத்தர் சனி பின்னேரம், ஒருத்தர் ஞாயிறு விடிய. மாரியிலை இஞ்சை தெருவையே நிலத்துக்குக் கீழை கொண்டுபோய் ஒளிச்சு வைச்சிருக்கினம், மேலை பனியும் உப்பும், கீழை கடையும் சனமும். நடக்கத் தோதில்லை எண்டு அப்பா சப்பாத்தைத் துடைச்சு, பேப்பர் அடைஞ்சு, பெட்டியிலை வைச்சு, அலுமாரிக்கு மேலை ஏத்திவிட்டார். ஞாயிறு எண்டால் அவருக்கு மிஞ்சினது உங்கடை பன்னிரண்டு மணிக் கோல் ஒண்டுதான்.

இந்த இடத்திலைதான் நான் வாறன். பெருமைக்குச் சொல்லேல்லை, ஆனால் பெருமையாத்தான் இருக்கு. இந்த வருஷம் தவக்காலத்திலை எங்கடை முடக்கிலை இருக்கிற டெப்பனர் எண்ட சின்னக் கடைக்குப் பாண் வாங்கப் போனால், அந்த மனுசன் பெரிய கடையளைப் பற்றிப் புறுபுறுத்துக்கொண்டு நிக்கிறார். உயிர்த்த ஞாயிறண்டு பெரிய கடையெல்லாம் சட்டப்படி பூட்டாம், சின்னக் கடையள் மட்டும் திறக்கலாமாம். நான் பாணை அங்கையே வைச்சிட்டு வீட்டுக்கு ஓடி வந்தன். "அம்மா, உயிர்த்த ஞாயிறு உங்களுக்கு வேலையோ?" "இல்லையடா, கடை பூட்டு." "அக்கா?" "லீவு." அப்பாவைப் பாத்தன். அப்பா கதிரையை இழுத்து, ஏறி, பெட்டியை இறக்கினார்.

திறந்து பாத்தவர், "இதென்ன, சப்பாத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு?" எண்டார். "பூஞ்சணம் அப்பா, பெட்டிக்குள்ளை காத்தில்லை" எண்டன். அக்கா என்னை ஒருமாதிரிப் பாத்தாள். அவள் எப்பவும் ஒருமாதிரித்தான் பாக்கிறவள். அப்பா துடைச்சு மினுக்கிப் போட்டுக்கொண்டார்.

அட்வோட்டர் மெற்றோவிலை இறங்கி நடந்தம். சித்தப்பா, பூட்டின சென்ற் கத்தரின் தெருவை நீங்கள் பாக்க வேணும். ஒரு சனமில்லை. ஓரத்திலை ஊத்தைப் பனி கொஞ்சம், மேலை வெயில். காலடிச் சத்தம் கேட்டுது. அம்மா தான் வேலை செய்யிற கடையின்ரை யன்னலுக்கு முன்னாலை நிண்டு, தானே மடிச்சு வைச்ச சட்டையைக் காட்டி "வாங்கியாச்சு!" எண்டா. அக்கா நெத்தியை முட்டினாள். பதினெட்டு வயசு, லிப்ஸ்டிக்கும் சேந்து ஒட்டிப்போச்சு. அப்பா, "காணும், காணும், வீடு நிறைஞ்சு போச்சு!" எண்டு கத்தினார், தெருவே எதிரொலிச்சுது. மூண்டு வருஷத்திலை அவர் அவ்வளவு சத்தமாக் கதைச்சதை நான் கேக்கேல்லை.

பீல் தெருவைத் தாண்டேக்கை 'பட்' எண்டொரு சத்தம். இடதுகால் சப்பாத்து முன்பக்கத்தாலை முதலை மாதிரி வாயைத் திறந்திட்டுது. ஒவ்வொரு அடிக்கும் திறந்து மூடுது, உள்ளுக்கை அப்பாவின்ரை காலுறை நாக்கு மாதிரித் தெரியுது. அம்மா சிரிக்கத் தொடங்கி நிப்பாட்ட ஏலாமல் தூணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. அக்கா தலைமயிர் ரப்பரைக் கழட்டிச் சப்பாத்தைச் சுத்திக் கட்டிவிட்டாள், ஊதா நிறம், பூப் போட்டது. "வீட்டை போவமே?" எண்டு கேட்டன். "அரைவாசித் தெரு மிச்சமிருக்கு" எண்டிட்டு அப்பா பூவோடை நடந்தார்.

செவ்வாய்க்கிழமை சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் நானும் திருத்திற கடைக்குப் போனம். ஒரு போர்த்துக்கல் கிழவர். மூக்குக் கண்ணாடியை ஏத்தி, தோலைத் தடவி, வளைச்சு, அந்த வெள்ளைக் கோட்டை விரலாலை தொட்டு நாக்கிலை வைச்சும் பாத்தார். பேந்து என்னைப் பாத்துப் பிரெஞ்சிலை ஒரு பிரசங்கம் வைச்சார். அப்பா "என்னவாம்?" எண்டார். நான்தானே வீட்டிலை மொழிபெயர்ப்பு மந்திரி. "தோல் தரமில்லையாம்" எண்டன். "இவ்வளவு நேரமும் அதையோ சொன்னவர்?" "பிரெஞ்சு நீளமான பாஷை அப்பா." அப்பா சப்பாத்தைத் திருப்பி வாங்கிப் பெட்டியிலை வைச்சார். வீட்டு வாசலிலை வைச்சு, "அவன் என்னை ஏமாத்த மாட்டான். அவனை ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள்" எண்டார். அந்த ஞாயிறு நீங்கள் எடுக்கேக்கை அதைத்தான் சொல்ல வெளிக்கிட்டவர், வாயிலை வேறை மாதிரி வந்திட்டுது. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவன்.

ஆகவே இரு தரப்பையும் சமாதானப்படுத்தும் பொறுப்புள்ளவன் எண்ட முறையிலை நான் கேட்டுக்கொள்ளுறது: அப்பாவை மன்னிச்சு, வாற ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு எடுங்கோ. நான் ரிசீவரைத் தூக்க விடாமல் அவற்றை கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்.

அம்மா உங்களுக்காக ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறா. அக்கா அன்பு சொல்லச் சொன்னாள் (சொல்லேல்லை, ஆனால் கேட்டால் சொல்லுவாள்). தேவதாய் உங்கடை முதுகையும், உரோமர் உங்கடை தெருவையும், நல்ல மூடி ஒண்டு உங்கடை எண்ணெய்ச் சட்டியையும் காக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள பெறாமகன்,
றொக்சன்.

பி.கு.: உறையை ஒட்டிப்போட்டுத் திரும்பத் திறந்திட்டன். சித்தப்பா, அந்தக் கிழவர் சொன்னது வேறை. "நாப்பது வருஷமா இந்தத் தொழில் செய்யிறன், இப்பிடி ஒரு நல்ல தோல் என்ரை கைக்கு வாறது குறைவு. இதை வாங்கினவருக்குச் சப்பாத்துத் தெரிஞ்சிருக்கு. ஆனால் ஒரு மாரி முழுக்க ஆரோ இதை உப்புத் தண்ணியிலை நடத்திக் கொண்டிருக்கிறாங்கள். தம்பி, ஆர் அது?" எண்டு என்னை நேராப் பாத்துக் கேட்டவர். அதைத்தான் நான் ரெண்டு சொல்லிலை மொழிபெயர்த்தனான்.

நான்தான். கார்த்திகையிலையிருந்து பங்குனி வரை, உங்கடை கோல் முடிஞ்சு அப்பா படுத்த பிறகு, என்னோடை படிக்கிற வசீகரன் வீட்டை கணக்குப் படிக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனது சென்ற் கத்தரினுக்குத்தான். சப்பாத்தைப் புத்தகப் பையிலை வைச்சுக் கொண்டுபோய் மெற்றோவிலை மாத்துவன். கார்த்திகையிலை ரெண்டு சோடி காலுறை போட்டால்தான் அளவு, பங்குனியிலை ஒரு சோடி காணும். அட்வோட்டரிலை இறங்கிக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நடந்தால் அந்தச் சப்பாத்து ஹோகெ ஸ்ட்ராஸவிலை கேட்ட அதே சத்தம் போடும். அப்பாவுக்கு உண்மையைச் சொன்னால் ஏனடா போனனி எண்டு கேப்பார். அதாலை உங்களை மாட்டிவிட்டன். அந்தத் தொப்பிக் கடைக்குப் பிறகு என்னென்ன கடை எண்டு இப்பவும் ஒண்டொண்டாச் சொல்லுவன், வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ.

அப்பாவுக்கு இதைச் சொல்லிறதும் விடுறதும் உங்கடை விருப்பம். எடுங்கோ, அது காணும்.

உங்களை மாதிரித்தான், நானும் சென்ற் கத்தரினிலை ஒரே யன்னலிலை ஒரே சாமானைத்தான் ஒவ்வொரு ஞாயிறும் வாங்கினனான். ஒரு சூட்கேஸ். சின்னன்தான், கையிலை கொண்டுபோற அளவு. போன கிழமையும் போனனான், என்ரை சொந்தச் சப்பாத்தோடை. இன்னும் விக்கேல்லை.